மூன்று நாள், ஒரு ஸ்கூட்டி: திருகோணமலையில் இருந்து வெருகல், கல்குடா, பொலன்னறுவை சுற்றி வருவதற்கு

2024 சித்திரை வருஷ விடுமுறைக்கு நானும் தங்கச்சியும் ஸ்கூட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இந்தச் சுற்றுக்குக் கிளம்பினோம். இரண்டாம் நாள் பாதி வழியில் திரும்பி வந்தோம். ஸ்கூட்டியில் ஒரு பிழையும் இல்லை. ரோடும் நல்ல ரோடு. ஒரு துண்டுக் கடதாசியில் இருந்த திகதிதான் பிழை. அடுத்த ஆண்டு பங்குனியில் லண்டனில் இருந்து வந்த மச்சாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். அந்த முறை முழுச் சுற்றும் போய் வந்தோம், விழுந்தெழும்பித்தான். இரண்டு தரமும் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் எதற்கு இன்னொரு தரம் படவேண்டும்?

சுற்று இதுதான். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, கல்குடா: முதல் நாள், ஏறக்குறைய 110 கிலோமீற்றர். கல்குடாவில் இருந்து வெலிக்கந்தை வழியாகப் பொலன்னறுவை: இரண்டாம் நாள், 65க்கும் 70க்கும் இடையில். பொலன்னறுவை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை: மூன்றாம் நாள், 130 அளவில். மூன்றையும் கூட்டினால் 310 கிலோமீற்றர் வரும். மலை ஏற்றம் எதுவும் இல்லை என்பதால் 110 சீசீ ஸ்கூட்டி தாராளமாகப் போதும்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

பஞ்சாங்கக் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். இந்தச் சுற்றுக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள். எங்கள் பக்கத்தில் தோதான காலம் மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனியோடு முடிகிறது. மாரி மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் கொல்லத் தொடங்கியிராது. சித்திரை பிறந்தால் உள்நாட்டுப் பக்கம் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை கொட்டும். வைகாசி வந்தால் கச்சான் காற்று. அந்தக் காற்றில் பாலங்களுக்கு மேல் ஸ்கூட்டி ஓட்டுவது ஒரு சுகமும் இல்லாத வேலை.

நாள் குறிக்கும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, சித்திரை வருஷம். ஏப்ரல் 13, 14ஐ ஒட்டி இரண்டு நாள்தான் விடுமுறை என்று நாட்காட்டி சொல்லும். பொலன்னறுவைப் பக்கம் கடை, கராஜ், சாப்பாட்டுக்கடை எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் பல நாள் பூட்டியிருக்கும். ரயரில் ஒரு முள் ஏறினால் ஒட்டுப்போட ஆள் கிடைக்காது. தபாலகமும் பூட்டு. தபாலகம் எதற்கென்று கேட்காதீர்கள், 3ஆம் படியில் வருகிறது.

மற்றது, நோன்பு. இந்த ஆண்டுகளில் நோன்பு மாதம் பெப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகிறது. கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடி எல்லாம் முஸ்லிம் ஊர்கள். பகலில் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கும் என்று எண்ணிப் போகக்கூடாது. 2025இல் நாங்கள் போனது நோன்புக்குள். வீட்டில் இருந்து புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டு போனதால் பிழைத்தோம். அதையும் கிண்ணியாவில் ரோட்டோரத்தில் வைத்துப் பிரிக்கவில்லை. நோன்பிருக்கிற ஊரில் சந்தியில் நின்று சாப்பிடுவது அழகில்லை. பின்னேரம் ஓட்டமாவடியைத் தாண்டும்போது நோன்புக் கஞ்சி வாசனை வந்ததும் மச்சாள் தோளில் தட்டினாள். நிற்பாட்டினேன்.

2. உங்கள் லைசன்ஸ் எந்த வகுப்பு?

இந்தக் கேள்வியை ஸ்கூட்டி வாடகைக்குக் கொடுப்பவர்கள் அநேகமாகக் கேட்கமாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 என்பது 100 சீசீக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு. அதற்கு மேல் என்றால் ஏ வகுப்பு வேண்டும். வாடகைக்குக் கிடைக்கிற டியோ 110 சீசீ. என்டோர்க் 125. ஏ1 மட்டும் வைத்திருப்பவர் சட்டப்படி இவற்றைத் தொடக்கூடாது. 'ஸ்கூட்டி தானே, கியர் கூட இல்லையே' என்கிற கதை பொலிசிடமும் எடுபடாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரிடமும் எடுபடாது. கார் லைசன்ஸ் மட்டும் இருப்பவர் பின் சீட்டில் இருந்து வேடிக்கை பார்க்கலாம்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். சர்வதேச சாரதிப் பத்திரத்தை உங்கள் நாட்டிலேயே எடுத்து வரவேண்டும். இலங்கைக்கு 1949ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்து உடன்படிக்கைப் படிவம்தான் செல்லும், எடுக்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். அதில் மோட்டார் சைக்கிளுக்கான பெட்டியில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். என் மச்சாளின் பத்திரத்தில் கார்ப் பெட்டியில் மட்டும்தான் முத்திரை. லண்டனில் பதினைந்து வருஷம் கார் ஓட்டியவள், மூன்று நாளும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சர்வதேசப் பத்திரம் இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. நாங்கள் போன நேரம் கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்திலோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலோ அதற்கு உள்ளூர் அங்கீகாரம் எடுக்கவேண்டியிருந்தது. வார நாளில்தான் நடந்தது. இப்போது எங்கே எடுப்பது என்று வருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போட், விசாப் பக்கத்துப் போட்டோக்கொப்பி, மூல லைசன்ஸ், இரண்டு படம் கொண்டு போங்கள். விமானத்தில் இறங்கி நேரே திருகோணமலைக்கு வந்துவிட்டால் இதற்காக மறுபடி கொழும்புக்குப் போகவேண்டி வரலாம். இரவு பஸ், பகல் வரிசை, திரும்ப இரவு பஸ். வரும் வழியிலேயே முடித்துவிடுங்கள்.

3. ஸ்கூட்டியின் கடதாசிகள்: திகதியைப் பாருங்கள், திரும்பவும் பாருங்கள்

நான் மாட்டுப்பட்டது இங்கேதான். ஆறுதலாக வாசியுங்கள்.

வாகனத்தோடு இருக்கவேண்டியவை மூன்று. ஆண்டுக்கொரு முறை எடுக்கும் ரெவனியூ லைசன்ஸ், இன்சூரன்ஸ் அட்டை, பதிவுப் புத்தகத்தின் போட்டோக்கொப்பி. லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் பதிவுப் புத்தகம் லீசிங் கம்பனியில் இருக்கும், கொப்பிதான் கிடைக்கும். அது பரவாயில்லை.

2024இல் நான் ரெவனியூ லைசன்ஸைப் பார்க்கத்தான் பார்த்தேன். 'இருக்கு' என்று கண்டதும் மடித்து வைத்துவிட்டேன். அது முடிகிற திகதி எங்கள் பயணத்தின் முதல் நாள். அன்று பகல் முழுக்கச் சட்டப்படிதான் ஓடினோம். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஒரு சந்தியில் மறித்த பொலிஸ்காரர் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நங்கி (தங்கச்சி), நேற்றோட முடிஞ்சுதே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

2024இல் தண்டம் எழுதினால் நடந்தது இப்படி: உங்கள் சாரதி லைசன்ஸை எடுத்துக்கொண்டு ஒரு தண்டத்துண்டு தருவார்கள். 14 நாளுக்கு அந்தத் துண்டுதான் உங்கள் லைசன்ஸ். தபாலகத்தில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு துண்டு எழுதிய அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய் லைசன்ஸை மீட்கவேண்டியிருந்தது. தண்டப்பணம் பெரிய காசில்லை. தபாலகம் விடுமுறையில் பூட்டியிருந்ததுதான் தலையிடி. திருகோணமலைக்குத் திரும்பி வந்து, தபாலகம் திறந்த பிறகு காசைக் கட்டி, லைசன்ஸை எடுக்க மட்டும் ஒரு நாள் லீவு போட்டு பஸ்சில் போய் வந்தேன். ஸ்கூட்டியைத் தந்தவர், "நீங்க பாத்தெல்லோ எடுத்திருக்கோணும்" என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகவே, நீங்கள் திரும்பி வரும் நாளுக்கு மேல் இன்னும் ஒரு வாரமாவது ரெவனியூ லைசன்ஸும் இன்சூரன்ஸும் செல்லவேண்டும். அதற்குக் குறைந்தால் வேறு ஸ்கூட்டி கேளுங்கள். இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள், மூலத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு உடம்போடு வைத்திருங்கள். சீட்டுக்கடியில் வைத்தால் மழையில் கரையும்.

இன்சூரன்ஸில் இன்னொரு பொறி உண்டு. வாகனத்தைச் சொந்தப் பாவனைக்கென்று இன்சூர் செய்துவிட்டு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியான வாகனத்தில் அடிபட்டால் கம்பனி கையை விரிக்கலாம். 'வாடகைக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறீங்களா? புல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியா?' என்று கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அதுவே பதில்.

தெரிந்தவரின் ஸ்கூட்டியை இரவல் எடுப்பதானால் மூன்று நாளைக்குத் தந்திருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, அவருடைய அடையாள அட்டைக் கொப்பியோடு வாங்குங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, வெளி மாவட்டத்தில் மறித்தால் பேச்சு சுருங்கும்.

4. வாடகை பேசுவது

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி மெயின் ரோட்டில் 'ஸ்கூட்டி வாடகைக்கு' என்ற பலகைகள் தொங்கும். பங்குனியில் வெள்ளைக்காரர் கூட்டம் இன்னும் சேர்ந்திராது, விலை பேசலாம். நான் நாளுக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன், ஹெல்மெட் இரண்டும் சேர்த்து. மூன்று நாளுக்கு மேல் என்றால் இன்னும் குறைப்பார்கள்.

அடையாள அட்டையையோ பாஸ்போட்டையோ ஈடாக வைக்காதீர்கள். போகிற கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் அதைத்தான் கேட்கும். கொப்பியும் கொஞ்சம் முற்பணமும் கொடுங்கள். முற்பணத்துக்குக் கையெழுத்தோடு துண்டு வாங்குங்கள். மாவட்டத்துக்கு வெளியே கொண்டு போகிறேன் என்பதையும் முதலே சொல்லி, அதையும் துண்டில் எழுதுவியுங்கள். சில பேர் 'நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் ஓடத்தான் தந்தோம்' என்று பிறகு கதைப்பார்கள்.

எடுக்கும்போது சுற்றிவரப் போனில் வீடியோ எடுங்கள். கீறல், பெற்றோல் முள், மைல் கணக்கு எல்லாம் தெரியவேண்டும். பிறகு ரயரைக் குனிந்து பாருங்கள். விரல் நகத்தை வெட்டுக்குள் விட்டுப் பார்த்தால் தேய்வு தெரியும். பின் ரயர் வழுக்கையாக இருந்தால் வேண்டாம். ரியூப் இல்லாத ரயர் என்றால் நல்லது, முள்ளேறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். பிரேக், ஹோர்ன், சிக்னல், இரண்டு பக்கக் கண்ணாடி, பின் லைட். ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கையில் கொடுங்கள்.

ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். தருகிற ஹெல்மெட்டில் நாடிப்பட்டி பூட்டுகிறதா என்று கொழுவிப் பாருங்கள். எங்களுக்கு முதலில் தந்ததில் பூட்டு உடைந்து நூலால் கட்டியிருந்தது.

5. கட்டிக்கொண்டு போவது

குறைவாக. ஒரு ஆளுக்கு ஒரு தோள்பை, சீட்டுக்கடியில் மழைக்கோட்டு, அவ்வளவுதான். கால் வைக்கிற தட்டில் பை வைத்தால் அவசரத்துக்குக் கால் ஊன்றச் சிரமம். முழுக்கை உடுப்பும் மெல்லிய கையுறையும் வேண்டும். நான் கையுறை இல்லாமல் போய், மூன்றாம் நாள் இரண்டு புறங்கையும் தோல் உரிந்து வந்தேன். பெண்கள் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இறுக்கிச் செருகுங்கள், சில்லில் சுற்றினால் கழுத்துக்கு ஆபத்து.

தண்ணீர் இரண்டு லீற்றர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) பைக்கெற் நான்கு, தேசிக்காய், உப்பு, காயத்துக்குப் பிளாஸ்ரர். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ், 1912 சுற்றுலாப் பொலிஸ். மூன்றையும் பின்னால் இருப்பவரின் போனிலும் போட்டு வையுங்கள்.

6. முதல் நாள்: விடிய முன் எழும்புங்கள்

காலை 5.45க்குக் கிளம்பினால் சீனன்குடாவில் இருந்து கிண்ணியாப் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் வந்துவிடும். இதுதான் ஏ15, மட்டக்களப்பு வரை போகிற கரையோர வீதி. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்தது. பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், இறங்கி ஓரத்தில் நிற்பாட்டிவிட்டு எடுங்கள். அங்கிருந்து மூதூர் வரை பாலத்துக்கு மேல் பாலம். மகாவலி கடலைத் தேடி வருகிற இடம் இது. முன்பு பாதையில் (ஆள், வாகனம் ஏற்றுகிற மிதவையில்) ஏறி இறங்கிக் கடந்த துறைகளை இப்போது தேநீர் ஆறுமுன் தாண்டிவிடலாம்.

மூதூரில் தாங்கியை நிரப்புங்கள். பாதி இருக்கிறதென்று விடவேண்டாம். அதற்குப் பிறகு பெற்றோல் செட்டுகள் தூரம் தூரமாகத்தான் வரும், வந்தாலும் திறந்திருக்கவேண்டுமே.

மூதூரைத் தாண்டினால் கிளிவெட்டி, சேருநுவரப் பக்கம் இரண்டு புறமும் வயல். பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்திருக்கும் அல்லது முடிந்துகொண்டிருக்கும். நெல்லைக் காயப்போட ரோட்டை விட நல்ல களம் ஏது? பாதி ரோட்டில் மஞ்சளாக விரித்திருப்பார்கள். ஓரத்தில் கல், பழைய ரயர், மரக்கிளை என்று வரிசையாக எல்லை வைத்திருப்பார்கள். வெயில் முகத்தில் அடிக்கும்போது தார் எது நெல் எது என்று கண்ணுக்குப் பிரியாது. நெல்லுக்கு மேல் சில்லு ஏறினால் குண்டுமணிக்கு மேல் கால் வைத்த மாதிரி. அந்த நேரம் முன் பிரேக்கைத் தொட்டால் முடிந்தது.

நான் தொட்டேன்.

எதிரே வந்த உழவு இயந்திரத்துக்கு ஒதுங்கப் போய் நெல்லில் ஏறி, பயத்தில் பிரேக்கைப் பிடித்து, இரண்டு பேரும் பக்கவாட்டில் விழுந்தோம். வேகம் இருபதுக்கு மேல் இராது. எனக்கு முழங்கை, மச்சாளுக்கு முழங்கால். நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா காலால் கிளறுகிறதை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்து, "பாத்து வரப்படாதா மகள்" என்று ஏசிக்கொண்டே செம்பில் தண்ணீர் ஊற்றினார். நான் சிதறின நெல்லைக் கையால் கூட்டப் போனேன். "அது கிடக்கட்டும், நீ காயத்தக் கழுவு" என்றார். காலையிலேயே விழுந்தது ஒரு வகையில் நல்லது, மிச்ச மூன்று நாளும் ஒழுங்காக ஓட்டினேன்.

நெல்லைக் கண்டால் செய்யவேண்டியது: தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், எதிரே வாகனம் வந்தால் நெல்லுக்கு முன்னாலேயே நின்று அதைப் போகவிடுங்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் முறுக்கவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம், நேரே உருளவிடுங்கள்.

வெருகலில் சித்திர வேலாயுதரைக் கும்பிட்டுவிட்டு ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம். கதிரவெளிப் பக்கம் ரோட்டோரக் கொட்டில்களில் வத்தகப்பழம் குவித்திருப்பார்கள். வெள்ளரிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள், வெடித்த பழத்தைச் சீனி தூவி அங்கேயே சாப்பிடவேண்டும். பையில் கட்டினால் நசிந்து போகும். மாவிலாறு, வெருகல் பக்கம் மாரி வெள்ளத்தில் அடிபடுகிற பகுதி, கிளம்புமுன் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது ரோடு எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாகரைக்குப் பத்தரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் வெயில் ஏறுமுன் நிழலில் இருக்கலாம். பதினொன்றில் இருந்து மூன்று வரை ஓட்டாதீர்கள். தார் கொதிக்கும், தலைக்குள் ஹெல்மெட் கொதிக்கும், நித்திரை தூக்கும். மூன்று மணிக்குக் கிளம்பிப் பனிச்சங்கேணிப் பாலம், மாங்கேணி, காயங்கேணி என்று போனால் ஐந்துக்குள் கல்குடா.

தங்குவதற்குப் பாசிக்குடாப் பெரிய ஹோட்டல்களைப் பார்த்து மலைக்கவேண்டாம். பக்கத்தில் கல்குடாவில் வீட்டோடு சேர்ந்த றூம்கள் உண்டு. நாங்கள் 4,500 கொடுத்தோம், பாசிக்குடாக் கடல் கிட்டத்தான். ஆழமில்லாத கடல், விழுந்த காயத்துக்கு உப்புத்தண்ணீர் நன்றாகவே எரிந்தது.

7. இரண்டாம் நாள்: இன்று மட்டும் அவசரப்படாதீர்கள்

நேற்றுச் சொன்னதற்கு நேரெதிர். காலை ஏழு மணிக்கு முன் கிளம்பக்கூடாது. புனானையில் இருந்து வெலிக்கந்தை வரை காட்டு ரோடு, விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் யானை கடக்கும். ஏழரைக்குப் பிறகு பஸ், லொறி எல்லாம் ஓடத் தொடங்கியிருக்கும். அவற்றுக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போவதுதான் பாதுகாப்பு.

யானை நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹோர்ன் வேண்டாம், லைட்டை அணைத்து எரிப்பது வேண்டாம், போன் எடுத்துக்கொண்டு கிட்டப் போவது வேண்டவே வேண்டாம். ஸ்கூட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, இயந்திரத்தை நிற்பாட்டாமல் காத்திருங்கள். பெரிய வாகனம் வந்து கடந்தபின் போகலாம். பையில் வாழைப்பழம் இருந்தால் காட்டுக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் ஒரு வசனத்தைப் பாடமாக்கி வையுங்கள்: "பாரே அலி இன்னவத?" ரோட்டில் யானை நிற்கிறதா என்று அர்த்தம். எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரரிடம் கேட்டால் கையாலேயே பதில் சொல்லுவார்.

மன்னம்பிட்டியைக் கடந்தால் கதுருவெலை. பொலன்னறுவையின் கடைத்தெரு என்றால் இதுதான். தமிழ் கதைக்கிற கடைகளும் உண்டு. ரயர், பிரேக் எதுவானாலும் இங்கே பார்த்துவிடுங்கள், ஹபரணைக்குப் போனபின் யோசிக்கவேண்டாம். பகல் பத்து, பத்தரைக்கே சேர்ந்துவிடலாம். பின்னேரம் மழை வந்தாலும் றூமுக்குள் இருப்பீர்கள். பழைய நகரத்தைப் பார்ப்பதற்கு வெளிநாட்டுப் பாஸ்போட் உள்ளவர்களுக்கு டொலர் கணக்கில் ரிக்கெற், அதை முதலே செலவில் சேருங்கள். மச்சாள் விலையைக் கேட்டுவிட்டுப் பராக்கிரம சமுத்திரக் குளக்கட்டில் நின்று பொழுதுபடுவதைப் பார்த்தது போதும் என்றாள். காசில்லாத காட்சி அது, பழுதில்லை.

8. மூன்றாம் நாள்: யானையை விட பஸ்

மின்னேரியா, ஹபரணை, கல்லோயாச் சந்தி, அக்போபுர வரையும் யானை ரோடுதான், ஆகவே இன்றும் ஏழுக்குப் பிறகு. ஆனால் ஹபரணையில் ஏ6 வீதியில் ஏறிய பிறகு எனக்கு யானைப் பயம் போய்ப் பஸ் பயம் வந்தது. ரோடு நேர், அகலம், கொழும்பு பஸ்கள் பறக்கும். எதிரே ஒரு பஸ்சை இன்னொரு பஸ் முந்திக்கொண்டு உங்கள் பக்கத்துக்கே வரும். இடது கரையோடு போங்கள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பின்னால் ஹோர்ன் கேட்டால் ரோசப்படாமல் கரைக்கு இறங்குங்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை. இந்த ரோட்டில் வேகம் பிடிக்கிற கருவியோடு பொலிஸ் மர நிழலில் நிற்கும்.

கந்தளாய்க் குளக்கட்டில் இளைப்பாறிவிட்டு, தம்பலகாமப் பக்கத்தில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கலாம். சட்டியை ஸ்கூட்டிக் கொக்கியில் தொங்கவிட்டால் முழங்காலில் இடித்து உடையும். பின்னால் இருப்பவர் மடியில் வைக்கவேண்டும். மச்சாள் திருகோணமலை வரை கோயில் கும்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

9. செலவுக் கணக்கு

2025 பங்குனியில் இரண்டு பேருக்கு எங்களுக்குப் போனது: வாடகை 7,500. பெற்றோல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி இருந்தது, எட்டரை லீற்றர் அளவு, 2,600. இரண்டு இரவு றூம் 8,500. சாப்பாடு, இளநி, தேநீர் 9,000க்குக் கிட்ட. காயத்துக்கு மருந்து, ரயர் ஒட்டு, தயிர், சில்லறை 2,500. எல்லாமாக முப்பதாயிரம். இதற்கு மேல் பத்தாயிரம் தாளாக வைத்திருங்கள், வாகரைப் பக்கம் கார்ட்டை நீட்டினால் சிரிப்பார்கள்.

10. திருப்பிக் கொடுப்பது

பகல் வெளிச்சத்தில் கொடுங்கள். இருட்டியபின் கொடுத்தால் 'காலையில் பார்த்துச் சொல்லுறம்' என்பார்கள், முற்பணம் அவர்கள் கையில். எடுக்கும்போது இருந்த அளவுக்குப் பெற்றோல் அடித்து, மண்ணைக் கழுவிவிட்டு, பழைய வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். விழுந்ததை நான் மறைக்கவில்லை. இடது பக்கக் கண்ணாடித் தண்டு வளைந்திருந்தது, 800 ரூபாய் கழித்தார்கள். ஒத்துக்கொண்டேன். பின் பக்கத்து நீளக் கீறலையும் கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். வீடியோவில் முதல் நாளே அந்தக் கீறல் இருந்தது. முற்பணத்தில் மிச்சத்தை எண்ணி வாங்கிவிட்டு, கொடுத்த துண்டை அவர்கள் கண்முன்னாலேயே கிழித்தேன். ஸ்கூட்டியை உள்ளே உருட்டும்போது பின் ரயரில் ஒரு சின்ன நெல்மணி செருகிக்கொண்டிருந்ததை மச்சாள்தான் காட்டினாள்.